செல்வி உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள்

கதவைச் சாத்தியது தலைமையாசிரியர். சாத்துவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, பெத்தவங்க பக்கத்துல இருந்தா புள்ள பேசாதுங்க, நீங்க வெளிய உக்காருங்க என்று சொன்னது திருச்சியிலிருந்து வந்திருந்த கல்வி அலுவலர். உட்கார்ந்துவிட்டேன். வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு, ஒரு கால் குட்டை, அசைந்தால் டொக்கென்று இறங்குகிறது, அதனால் அசையாமல் இருக்கிறேன். செல்வி உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் குரல்தான். மெல்லியதாகத் தொடங்கி வாக்கியம் முடியும்போது கொஞ்சம் மேலே ஏறும், கேள்வி கேட்கிற மாதிரி. ஏறுவது கேட்கிறது, வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மைக்செட் கட்டுகிறேன், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கூட்டத்துக்கும், குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று வலது காது பாதி போய்விட்டது. இடது காதைக் கதவுப் பக்கம் கொடுத்து உட்கார்ந்தால் ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் திரும்பினேன், பெஞ்சு டொக்கென்றது. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த சுகந்தி டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் மேல்தான் நான் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் கொடுத்தவனையும் கொடுக்கப்பட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பார்களா, வேறு பெஞ்சு இல்லையா இந்தப் பள்ளிக்கூடத்தில், நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொல்லலாம், சொன்னால் கட்சிக்காரன் வந்ததும் நாற்காலி கேட்கிறான் என்பார்கள். மணி இரண்டரை. மத்தியானச் சாப்பாட்டின் முட்டை வாசம் இன்னும் போகவில்லை, அதன் மேலே யாரோ பினாயில் ஊற்றியிருக்கிறார்கள். செல்வி சாப்பிட்டிருப்பாளா, கேட்கவே இல்லை. உள்ளே போகும்போது கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். பயப்படாம சொல்லு பாப்பா என்றேன். சரிப்பா என்றாள்.

அன்றைக்கு என்ன சொன்னாள். அதை ஒழுங்காக யோசிக்க வேண்டும், உள்ளே என்னைக் கூப்பிட்டால் கேட்பார்கள், உங்க பொண்ணு உங்ககிட்ட என்ன சொல்லுச்சு, எப்ப சொல்லுச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நான் வாசலில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, நூறு மீட்டர். செல்வி படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா, இன்னிக்கு கட்சியப் பத்திப் பாடம் எடுத்தாங்க என்றாள். ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு பாடம் இருக்கிறது, தேர்தல், அரசியல் கட்சிகள் என்று, நானே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன் அப்புறம். நம்ம கட்சியப் பத்தியா என்றேன். எல்லாக் கட்சியும் என்றாள். நம்ம கட்சியப் பத்தி என்ன சொன்னாங்க. ஒண்ணும் சொல்லல. ஒண்ணுமேவா? அப்போது அவள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதற்கு அர்த்தம்தான் இப்போது பிடிபடவில்லை. நான் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேனா, இல்லை சுற்றிக்கொண்டே கேட்டேனா. ஒண்ணுமே சொல்லாம எப்படிப் பாடம் எடுப்பாங்க, நல்லா யோசிச்சுச் சொல்லு என்றேன். அதற்கப்புறம்தான் சொன்னாள். மேடையில பேசுறத நம்பக் கூடாதாம்ப்பா, மைக்க அணைச்சப்புறம் என்ன பேசுறாங்கன்னு கேக்கணுமாம். டீச்சரா சொன்னாங்க? ம். ம் என்றாள், அல்லது ம்ம் என்றாள், ஒரு ம்முக்கும் இரண்டு ம்முக்கும் எவ்வளவு வித்தியாசம், வலது காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் வேறு. ஆமாம் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. அது இப்போது உறைக்கிறது. அன்றைக்கு உறைக்கவில்லை, அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று ஏறியது. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, என் பிள்ளைக்கு, என் கட்சிக்கு எதிராக.

அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், தப்பு என்று யார் சொன்னது. பள்ளிக்கூடத்தில் அரசியல் பேசலாமா கூடாதா. கூடாது. பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், டீச்சர் சொன்னால் வேதம். நான் குமரவேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர்தான் ஒன்றியச் செயலாளர், நான் அவருக்குக் கீழே ஒரு கிளைக்குச் செயலாளர். அண்ணன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார், கூட இரண்டு பேர். செல்வியின் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதில் ஒரு வாளி வரைந்திருந்தது, நீலக் கலர் அடித்து, கீழே வாளிக் கட்சி என்று எழுதியிருந்தது. வகுப்பைப் பிரித்து நாலு கட்சியாக்கித் தேர்தல் நடத்தியிருக்கிறார் டீச்சர், குடைக் கட்சி, சீப்புக் கட்சி, ஏணியோ என்னவோ ஒன்று, அப்புறம் வாளி. அண்ணன் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் திருவிழாவுக்கு நாம வாளி குடுத்தோம்ல வீரமலை என்றார். கொடுத்தோம், பிளாஸ்டிக் வாளி, நானே மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்ப இது யாரைக் கிண்டல் பண்றது? கூட வந்தவர்கள் ஆமாண்ணே என்றார்கள். நானும் ஆமாண்ணே என்றேன். செல்வி, வாளி நான் வச்ச பேருப்பா என்று சொன்னாள். சொன்னாளா. சொன்னாள், மெதுவாக, அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு, எங்க குரூப்புக்கு நாந்தான் பேரு வச்சேன். நீ சும்மா இரு பாப்பா என்றேன். பெரியவர்கள் பேசும்போது சும்மா இரு என்று சொல்வது ஒன்றும் தப்பில்லை, எல்லா வீட்டிலும் சொல்வதுதான். என் மனைவி பூங்கொடி அடுக்களையிலிருந்து வெளியே வரவே இல்லை, டீ மட்டும் வந்தது. அவர்கள் போனபிறகு, அந்த டீச்சர ஏன் இழுக்குறீங்க, ஏழாவது படிக்கறப்ப செல்வி வகுப்புல பெரிய மனுஷியானா, அந்தம்மாதான் துணி மாத்திவிட்டு வண்டியில கொண்டாந்து விட்டுச்சு, நீங்க கூட்டத்துக்கு மைக்செட் கட்டப் போயிட்டீங்க என்றாள். அது வேற, இது வேற என்றேன். எது வேறு. எனக்கு அப்போது தெளிவாக இருந்தது எது வேறு என்று. புகாரை அண்ணனுடைய ஆள் எழுதினான், நான் கையெழுத்துப் போட்டேன். பிஞ்சு நெஞ்சங்களில் நச்சு விதையைத் தூவும் ஆசிரியை என்று எழுதியிருந்தான். படிக்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. மறுநாள் காலையில் அது எல்லாருடைய போனிலும் இருந்தது.

பக்கத்து வகுப்பில் ஏதோ வாத்தியார் ஒரு வரி சொல்கிறார், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். ஆறாவதோ ஏழாவதோ, குரல் இன்னும் உடையவில்லை. காற்று எந்திசை வீசுகிறது, எந்திசை வீசுகிறது. தப்பு, எத்திசை என்றல்லவா வரவேண்டும், அல்லது எனக்குத்தான் அப்படிக் காதில் விழுகிறதா. அறுபது வாய் ஒன்றாகச் சொல்லும்போது எந்த வாய் தப்பாகச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கூட்டத்திலும் அப்படித்தான், வாழ்க என்றால் வாழ்க, ஒழிக என்றால் ஒழிக, நடுவில் ஒருத்தன் வாயை மட்டும் அசைத்தாலும் தெரியாது. செல்விக்கு நாலு வயசில் முதல் மேடை. இடைத்தேர்தல் சமயம், பேச்சாளர் வரத் தாமதமாகிவிட்டது, கூட்டம் கலையப் பார்த்தது. நான் அவளை ஸ்பீக்கர் பெட்டி மேல் நிற்க வைத்து மைக்கை இறக்கிக் கொடுத்தேன். ஏழை வீட்டு அடுப்பெரிய எங்கள் தலைவர் வரவேண்டும். மூன்று நாள் கற்றுக்கொடுத்திருந்தேன், ஒரு தடவை சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். அடுப்பெரிய என்று வராது அவளுக்கு, அப்பெடிய என்பாள், ஆனால் அன்றைக்குச் சுத்தமாக வந்தது. கைதட்டு அடங்க ரெண்டு நிமிஷம் ஆயிற்று. தலைவர் வந்ததும் தூக்கிக் கன்னத்தில் தட்டினார், இவளுக்கு நான் வச்ச பேராச்சே என்றார். அவர்தான் பெயர் வைத்தார், கைக்குழந்தையாக ஒரு தேர்தல் மேடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வெற்றிச்செல்வி என்று. அந்தத் தேர்தலில் தோற்றோம், பெயர் நின்றுவிட்டது. எட்டு வயசில் ஒரு நாள், டவுன் பஸ் நிறுத்தத்தில், எதிர்க்கட்சிக் கொடியைப் பார்த்து, அப்பா, இவங்க திருடங்கதானே என்றாள் சத்தமாக. பக்கத்தில் அவர்கள் ஆட்களே நின்றார்கள். இப்ப இல்ல பாப்பா, இப்ப நம்ம கூட்டணி என்றேன். அப்ப நல்லவங்களா? ஆமா. சரிப்பா என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, பிள்ளைக்குச் சொன்னால் புரிகிறதே என்று. இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். இது வீட்டில் சொல்லிக்கொடுப்பது, தகப்பன் சொல்லிக்கொடுப்பது. பள்ளிக்கூடம் அப்படியில்லை. வீட்டில் சாமி கும்பிடச் சொல்லித்தருகிற மாதிரி இது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் முடிச்சு தானாக விழுகிறது, வயரை அவசரத்தில் சுருட்டிவிட்டு மறுநாள் பிரித்தால் விழுந்திருக்குமே அப்படி, யாரும் போடாத முடிச்சு.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, “செல்வி மத்தியானம் சாப்பிடல. டப்பாவ அப்படியே மூடி வச்சிட்டா. வெளிய வந்ததும் சாப்பிடச் சொல்லுங்க” என்றார்.  சரிங்க டீச்சர் என்றேன். எதிரியிடம் சரிங்க என்று சொல்வது ஒரு மாதிரி இருந்தது. அவர் எனக்கு எதிரியா. எண்ணெய் காணாத தலை, காதோரம் நரை, செருப்பில் ஒரு வார் தைத்திருக்கிறது.  வராந்தாவின் கடைசியில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அது எனக்குக் கேட்கிறது, உள்ளே செல்வி பேசுவது கேட்கவில்லை. அவர்தான் மறுபடி பேசினார். “நான் உங்க மேல கோவப்படலாமா வேண்டாமான்னு நாலு நாளா யோசிக்கிறேன்.”

“நீங்க சொன்னதுக்குத்தானே டீச்சர் நான் எழுதிக் குடுத்தேன்.”

“அதான் எனக்கே நிச்சயமா இல்லீங்க” என்றார். “முப்பத்தெட்டுப் பிள்ளைங்க முன்னாடி நாப்பது நிமிஷம் பேசுறோம். என்ன சொன்னோம்னு ஒவ்வொரு வார்த்தையா யார் வச்சிருக்கா? ஒரு கட்சி குடுக்குற வாக்குறுதிய எப்படி எடை போடறதுன்னு கேட்டேன். அது நெனப்பிருக்கு. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அந்த மேடை, மைக்கு, அந்த வாக்கியம் வகுப்புல வந்தது நெசம். நல்ல வாக்கியமா இருக்கேன்னு பலகையில எழுதினேன். எழுதினது நாந்தான், அத ஆபீசர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“சொன்னது யாரு?”

 நோட்டுக் கட்டைத் தட்டி அடுக்கினார், ஏற்கெனவே அடுக்கியிருந்ததை. “எந்தப் பிள்ளைன்னு எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றார், என்னைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு. “நானே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். அப்படியே இருக்கட்டும்.”

அப்படியே இருக்கட்டும். அவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, அப்பாடா என்கிற மாதிரி. ஒப்புக்கொண்டுவிட்டார், பலகையில் எழுதியிருக்கிறார், அண்ணனிடம் சொல்லலாம். ஆனால் எந்தப் பிள்ளை என்று ஞாபகம் இல்லை என்று சொல்லும்போது ஏன் குழாயைப் பார்க்க வேண்டும். யாருக்கு ஞாபகம் இருக்காது, முப்பத்தெட்டுப் பேரின் டப்பாவில் யார் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு, பலகையில் எழுதுகிற அளவுக்கு நன்றாகச் சொன்ன பிள்ளையை ஞாபகம் இருக்காதா. அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள். மேடையில பேசுறத நம்பக் கூடாது. இது யார் வேண்டுமானாலும் சொல்வது, டீக்கடையில் சொல்வது. மைக்க அணைச்சப்புறம் என்ன பேசுறாங்கன்னு கேக்கணும். இது அப்படியில்லை. மைக்கை அணைத்தபிறகு பேசுவது டீச்சருக்கு எப்படிக் கேட்கும். கீழே உட்கார்ந்து கேட்கிற யாருக்கும் கேட்காது. மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் கேட்கும், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில், குமிழைத் திருகுகிறவனுக்கு. பெஞ்சு டொக்கென்றது. நான்தான் அசைந்திருக்கிறேன். துவரங்குறிச்சியில் ஒரு மத்தியானக் கூட்டம், ரெண்டு வருஷம் முன்னால், பள்ளிக்கூடம் லீவு என்று செல்வியையும் டெம்போவில் கூட்டிப்போயிருந்தேன். தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை நான் என்று அழுகிற குரலில் பேசி முடித்தார் ஒருத்தர், பெயர் வேண்டாம், பெரிய ஆள். நான் மைக்கை அணைத்துவிட்டேன். அவர் வேட்டியை உதறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், இந்தக் கரும்புச் சக்கைகளை எங்கேருந்து அள்ளிட்டு வந்தீங்க, கைதட்டக்கூடத் தெம்பில்ல என்று சொல்லிச் சிரித்தார். கீழே முதல் வரிசையில் என் அம்மா வயசில் நாலு பேர் வெயிலில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.  திரும்பி வரும்போது டெம்போவில், விராலிமலை தாண்டி, எதற்கோ, யாரிடமும் சொல்ல முடியாததைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் சொன்னேன். பாப்பா, மேடையில பேசுறத நம்பாத. மைக்க அணைச்சப்புறம் என்ன பேசுறான்னு கேக்கணும். அதான் நெசம். சரிப்பா என்றாள்.

அப்படியானால் என்ன ஆயிற்று. மெதுவாக. டீச்சர் கேட்டார், செல்வி எழுந்து சொன்னாள், அப்பா சொன்னதை. டீச்சர் பலகையில் எழுதினார். செல்விக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும், பலகையில் தன் வாக்கியம், தன் அப்பா வாக்கியம். சாயங்காலம் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறாள் படியில் உட்கார்ந்து. அதற்குள் நான் நம்ம கட்சியப் பத்தி என்ன சொன்னாங்க என்று கேட்டுவிட்டேன். என் குரல் எப்படி இருந்திருக்கும், என் குரல் எனக்குத் தெரியும், எக்கோ போடாமலே எக்கோ வரும். பயந்திருப்பாள், நான் சொன்னேன் என்று சொல்லியிருக்க மாட்டாள், டீச்சரா சொன்னாங்க என்றதும் ம். அந்த ம் எங்கிருந்து எங்கு வந்து நிற்கிறது. இல்லை, இது என் யூகம். இப்படி இல்லாமலும் இருக்கலாம். டீச்சரும் கட்சியைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் இருப்பார், யார் சொல்லாமல் இருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் குமரவேல் அண்ணன் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எங்க சொல்லு பாப்பா என்றார். செல்வி சொன்னாள். அப்படி இல்ல, நம்ம கட்சிப் பேரச் சொல்லி, அவங்கள நம்பாதீங்கன்னு டீச்சர் சொன்னாங்க, அப்படிச் சொல்லு என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பது நிச்சயம், அதில் குழப்பம் இல்லை. மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது தடவை திக்கவே இல்லை, அண்ணன் அவள் தலையைத் தடவினார். இப்போது உள்ளே போய் அது என் வார்த்தை என்று நான் சொன்னால், எந்த வார்த்தை, எப்போது, யாரைப் பற்றி என்று அண்ணன் கேட்பார். கரும்புச் சக்கை வரைக்கும் போகும். இருபத்திரண்டு வருஷம், ஒரு பதவி, ஊரில் நாலு பேர் அண்ணே என்று கூப்பிடுவது, எல்லாம் போகும். சொல்லாவிட்டால் டீச்சரைத் தூக்கி எங்காவது போடுவார்கள், அறந்தாங்கிப் பக்கமோ எங்கோ, தைத்த செருப்போடு பஸ் மாறிப் போவார், போனால் போகிறார், அவரே அப்படியே இருக்கட்டும் என்கிறார். அவர் யாருக்காகச் சொல்கிறார். என்னிடமிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றுகிறாரா. என்னிடமிருந்தா.

உள்ளே குரல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. கதவு திறந்து செல்வி வெளியே வந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது, அழவில்லை. டீச்சரைப் பார்க்காமல் என் பக்கம் வந்து, குனிந்து, என் இடது காதுப் பக்கமாக, அவளுக்குத் தெரியும் எந்தக் காது என்று, “நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்ப்பா, ஒரு எடத்துலகூட மறக்கல” என்றாள். உள்ளேயிருந்து தலைமையாசிரியர், வாங்க, வந்து கையெழுத்துப் போடுங்க என்று கூப்பிட்டார். எழுந்தேன். மேசை மேல் காகிதம் இருந்தது, அலுவலரின் கையெழுத்து, சின்னச் சின்ன எழுத்து. எங்கள் கட்சியின் பெயரைச் சொல்லி அவர்களை நம்பாதீர்கள் என்று ஆசிரியர் கூறினார். கீழே வெ. வெற்றிச்செல்வி, முத்து முத்தாக. வெ இல்லை, வீ என்று இருக்க வேண்டும், என் பெயரின் முதலெழுத்து, அவசரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறாள். அலுவலர் பேனாவை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வேறு சொல்லிற்று.

“சார், இந்த வார்த்தை என்னுது.”

“ஆமா, புகார் உங்களுதுதானே” என்றார் அவர்.

“புகார் இல்ல சார். மேடை, மைக்குன்னு பலகையில எழுதினாங்கள்ல, அது நான் சொன்னது. எம் பொண்ணுகிட்ட, ரெண்டு வருஷம் முன்னாடி. டீச்சர் சொல்லல. கட்சிப் பேரும் சொல்லல. அது நாங்க சொல்லிக் குடுத்தது.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை டிக் என்றது, நான் அதை எண்ணிக்கொண்டு நின்றேன். “இப்பச் சொல்றீங்க” என்றார் அலுவலர். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். “நீங்க தனியா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, வச்சுக்கறேன். ஆனா இந்தப் பிள்ளை சொன்னது பதிவாயிடுச்சு. நேர்ல கேட்டது இந்தப் பிள்ளைதான், நீங்க இல்ல. அது வந்து மாத்திச் சொன்னாத்தான் நான் எழுத முடியும். கூப்பிடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, அதுவா சொல்லட்டும்.”

வெளியே வந்தேன். டீச்சர் பெஞ்சில் இல்லை, மணி அடித்திருக்கிறது, வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், நோட்டுக் கட்டும் இல்லை. செல்வி டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தாள், வேக வேகமாக, எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சார் மறுபடி கூப்பிடுறாரு பாப்பா என்றேன். அவள் முகம் மாறியது. “தப்பா சொல்லிட்டேனாப்பா? நான் அப்படியேதான் சொன்னேன்.” தப்பு உன் மேல இல்ல என்றேன். நான் உள்ள போயி அது என் வார்த்தைன்னு சொல்லிட்டேன், டெம்போவுல வர்றப்ப நான் உங்கிட்டச் சொன்னது, ஞாபகம் இருக்கா? அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், புருவம் சுருங்கிற்று. “நீங்க சொன்னீங்களா, டீச்சர் சொன்னாங்களா, எனக்கு இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்குப்பா” என்றாள். “நேத்து அவ்வளவு தடவ சொன்னேன்ல. இப்ப நெனச்சா டீச்சர் கட்சிப் பேரச் சொல்லி நிக்கிற மாதிரியே தெரியுது.” நான் அவள் கையைப் பிடித்தேன், தயிர் ஒட்டிற்று. சரி, நீ அதெல்லாம் விடு, நடந்தத மட்டும் சொல்லு என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் டப்பாவை மூடிப் பெஞ்சில் வைத்தாள், பாவாடையில் கையைத் துடைத்தாள், எழுந்து நின்று கதவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். அடம் இல்லை, கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“எதுப்பா நடந்தது?”

என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு லேசாகப் பிரிந்திருந்தது, நான் முதல் வார்த்தையைச் சொன்னதும் கூடவே சொல்லத் தயாராக.